தம்பி ஸ்கூல்ல எங்கப்பாவை எக்ஸ்போர்ட் முதலாளின்னு நெனச்சுட்டு இருக்காங்க, இப்ப டி-ஷர்ட் அடிச்சுக் குடுங்கன்னு கேக்கறாங்க

பிசிறு_அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் பெருசா எழுதுவேன், பொறுத்துக்கோங்க.

நாங்க திருப்பூர். சொந்த ஊரு தேனி பக்கம், நான் சின்னப் புள்ளையா இருக்கும்போதே பொழப்புக்கு இங்க வந்துட்டோம். அப்பா ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில பேட்லாக் (பனியன் ஓரத்தை மடிச்சு அடிக்கற மிசின்) டைலர். நான் வேற கம்பெனில செக்கிங். அம்மாவுக்கு முதுகுவலி வந்ததுல இருந்து வெளிய வேலைக்குப் போறதில்ல, வீட்டுலயே பண்டல் வாங்கிப் போட்டு பிசிறு வெட்டறாங்க. லைன் வீடு, ஒரு ரூமு ஒரு சமையக்கட்டு, ரூம்ல பாதிக்கு எப்பவும் பனியன் மூட்டை இருக்கும்.

தம்பி எட்டாவது படிக்கிறான், ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல. எல்கேஜி சேக்கும்போது ஆர்டிஇ (கல்வி உரிமைச் சட்டத்துல தனியார் ஸ்கூல்ல ஃபீஸ் இல்லாம படிக்க ஒதுக்கற இடம்) குலுக்கல்ல சீட்டு விழுந்துச்சு, அப்ப அம்மா பழனிக்கு மொட்டை எல்லாம் போட்டாங்க. நல்லா படிக்கிறான், அதுல குறை இல்ல.

விஷயம் என்னன்னா அந்த ஸ்கூல்ல ஃபீஸ் பாக்கி வச்சிருக்கவங்க பேரை கிளாஸ்லயே வாசிப்பாங்களாம். இவன் ஆர்டிஇ சீட்டுங்கறதால டியூஷன் ஃபீஸ் கெடையாது, அதனால அந்த லிஸ்ட்ல இவன் பேரு ஒரு தடவை கூட வந்ததில்ல, வசதியான வீட்டுப் பசங்க பேரு கூட வருது, இவன் பேரு வர்றதில்ல. பசங்க என்ன நெனச்சுட்டானுங்கன்னா இவங்க வீட்ல ஜூன்லயே மொத்தமா கட்டிடறாங்க, பெரிய பார்ட்டி போலன்னு. இவனா ஒண்ணும் சொல்லல, வாயை மூடிட்டு இருந்திருக்கான் அவ்வளவுதான். அப்புறம் ஒருத்தன் உங்கப்பா என்ன பண்றாருன்னு கேட்டப்ப 'எக்ஸ்போர்ட்ல இருக்காரு'ன்னு சொல்லியிருக்கான். அதுவும் பொய் இல்ல. ஆனா திருப்பூர்ல மெட்ரிக் ஸ்கூல் பசங்க கிட்ட எக்ஸ்போர்ட்னு சொன்னா என்ன அர்த்தம் எடுத்துப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

அதுக்கப்புறம் அதைக் காப்பாத்தறதே இவனுக்கு வேலையாயிடுச்சு. டவுன் பஸ்ல ஒரு ஸ்டாப் முன்னாடியே எறங்கி நடந்து வர்றான். அப்பா எக்ஸெல் வண்டில கூட்டிட்டுப் போறேன்னா வேண்டாங்கறான். பேரன்ட்ஸ் மீட்டிங் ஒவ்வொண்ணுக்கும் நான்தான் போறேன், சுடிதார் போட்டு ஐடி கார்டு மாட்டிட்டு வான்னு சொல்லுவான். வீடு பூரா பஞ்சு பறக்குமா, அது இவன் நீல பேன்ட்ல ஒட்டிக்கும், தினம் காலைல செல்லோ டேப்பை கையில தலைகீழா சுத்தி வச்சுட்டு முட்டியில இருந்து கணுக்கால் வரைக்கும் ஒத்தி ஒத்தி எடுப்பான், பின்பக்கம் என்னை எடுத்து விடச் சொல்லுவான். நான் ஏதோ சுத்தக்காரன்னு நெனச்சுட்டு இருந்தேன். இப்பத்தான் தெரியுது, ஒரு நாள் ஒருத்தன் 'உங்க வீட்ல நாய் இருக்கா, முடியா ஒட்டிருக்கு'ன்னு கேட்டிருக்கான், இவனும் ஆமா லேப்ரடார், பேரு ராக்கின்னு சொல்லிட்டு வந்திருக்கான். லைன் வீட்ல லேப்ரடார்!! ஓனர் எங்களையே எப்ப காலி பண்ணலாம்னு பாத்துட்டு இருக்காரு.

இப்ப சிக்கல். ஸ்போர்ட்ஸ் டேக்கு கிளாஸ் மொத்தமும் ஒரே மாதிரி டி-ஷர்ட் போடணும்னு முடிவாயிடுச்சு, 34 பேரு. உடனே பசங்க எல்லாம் 'உங்கப்பா கம்பெனிலயே அடிச்சுரலாம்'னு சொல்லிட்டானுங்க, மிஸ்ஸும் சரின்னுட்டாங்க. போன வாரம் ஒரு பையனோட அம்மா எனக்கே போன் பண்ணி (கிளாஸ் குரூப்ல என் நம்பர்தான் இருக்கு) சார் இருக்காங்களா, ஆர்டர் விஷயமா பேசணும்னாங்க. வெளிய போயிருக்காருன்னேன். உண்மைதான், டீ குடிக்கப் போயிருந்தாரு.

அன்னிக்கு ராத்திரி தம்பியை உக்கார வச்சுக் கேட்டதுலதான் இவ்வளவும் வெளிய வந்துச்சு. அழுதான். ஸ்கூலுக்கே போகலங்கறான். 2025 ஆகஸ்ட்ல அமெரிக்காக்காரன் 50 சதவீதம் வரி போட்டதுல இருந்து அப்பா கம்பெனில வேலையே சரியா இல்ல, முன்னாடி தினம் ஒன்றரை ஷிப்ட் ஓடும், இப்ப வாரத்துல மூணு நாலு நாள் ஓடினா பெருசு, சனிக்கிழமை சம்பளக் கவரைப் பாத்தா அம்மா ஒண்ணும் பேசாம பருப்பு டப்பாவை எடுத்து ஆட்டிப் பாப்பாங்க. இந்த நேரத்துல இது வேற. அப்பாகிட்ட இன்னும் சொல்லல.

நான் என்ன பண்ணட்டும்? உண்மையைச் சொல்லுடான்னு அனுப்பறதா, இல்ல எங்கயாச்சும் கடன ஒடன வாங்கி டி-ஷர்ட்டை அடிச்சுக் குடுத்து மானத்தைக் காப்பாத்தறதா?


நேர்கோடு77:

பொய் பொய்தான். இன்னிக்கு நாய், நாளைக்கு கார், நாளன்னிக்கு திருடுவான். நாலு சாத்து சாத்தி நேரா ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போய் எல்லார் முன்னாடியும் உண்மையைச் சொல்ல வைங்க. எங்க காலத்துல கிழிஞ்ச டவுசர்ல தபால்பெட்டி போட்டுட்டுப் போனோம், யாரும் வெக்கப்படல.


மொட்டைமாடி:

@நேர்கோடு77 உங்க கிளாஸ்ல எல்லாருக்குமே டவுசர் கிழிஞ்சிருந்துச்சுங்க, அதான் வெக்கம் வரல. இவன் கிளாஸ்ல இவன் ஒருத்தனுக்குத்தான் கிழிஞ்சிருக்கு. ரெண்டும் ஒண்ணா?

அக்கா, நான் சென்னைல இருக்கேன், இப்ப வேலைல நல்லா இருக்கேன். எங்கப்பா ஒரு அபார்ட்மென்ட்ல வாட்ச்மேன். என் கிளாஸ் பொண்ணு ஒருத்தி அதே அபார்ட்மென்டுக்கு வாடகைக்கு வந்தா. வீட்ல வந்து சொன்னேன், அழுதேனான்னு ஞாபகம் இல்ல, ஆனா சொன்னது ஞாபகம் இருக்கு. அடுத்த வாரத்துல இருந்து அப்பா நைட் ஷிப்டுக்கு மாத்திக்கிட்டாரு. பகல்ல தூக்கம் வரலன்னு சொல்லிட்டே ரெண்டு மூணு வருஷம் அதே ஷிப்டு பாத்தாரு. எதுக்கு மாத்தினாருன்னு நான் கேக்கல, அவரும் சொல்லல. அம்மா ரொம்ப நாள் கழிச்சு ஏதோ சண்டைல போட்டு உடைச்சாங்க.

இதை எதுக்குச் சொல்றேன்னா, அப்பாகிட்ட மறைக்க முடியும்னு நீங்க நெனைக்காதீங்க. எக்ஸெல்ல வேண்டாம்னு சொன்ன அன்னிக்கே அவருக்குத் தெரிஞ்சிருக்கும். நீங்க சொல்லாம விட்டா அவரு பாட்டுக்கு ஏதாவது ஒண்ணை விட்டுக்கொடுத்துட்டு வலிக்காத மாதிரி இருப்பாரு. அதுக்கு நேர்ல சொல்லிடறது மேல்.

தம்பிகிட்ட 'அப்பா உழைப்பை நெனச்சுப் பெருமைப்படுடா' டயலாக் மட்டும் வேண்டாம் ப்ளீஸ். பெருமை இல்லாம இல்ல. அந்த வயசுல நம்ம வீட்டைப் பத்தி நாம என்ன நெனைக்கறோம்ங்கறது பிரச்சினையே கிடையாது, நம்ம டிபன் பாக்ஸைத் தொறக்கும்போது பக்கத்துல இருக்கறவன் கண்ணு எங்க போகுதுங்கறதுதான் பிரச்சினை. நான் ரேஷன் அரிசி சோறு கொண்டு போவேன், மூடியைப் பாதி மட்டும் தொறந்து வச்சு சாப்பிடுவேன், கேட்டா ஈ மொய்க்குதுன்னு சொல்லுவேன்.

எனக்கு உதவினது ஒண்ணுதான். ஒரே ஒருத்திக்கு மட்டும் சொன்னேன். அவ அதுக்கு ஒண்ணுமே பண்ணல, பாவமும் படல, அடுத்த நாளும் என் பென்சிலைத் திருடினா. ஆனா யாராவது 'உங்க வீட்டுக்கு வர்லாமா'ன்னு கேட்டா அவளே பேச்சை மாத்திவிடுவா. கிளாஸ் முன்னாடி நின்னு சொல்றதெல்லாம் சினிமாவுக்கு சரி. உங்க தம்பி ஒருத்தன்கிட்ட சொன்னா போதும், யாருகிட்டன்னு அவனே முடிவு பண்ணட்டும்.


பதினொண்ணு_பி:

நானும் ஸ்டூடன்ட்தான் அக்கா. 34 பேர் கிளாஸ்ல ஒரு ஏழெட்டுப் பேராவது இதே மாதிரி ஏதோ ஒண்ணு ஓட்டிட்டு இருப்பானுங்க. எங்க கிளாஸ்ல ஒருத்தன் ஐபோன் சர்வீஸ்ல குடுத்துருக்கேன்னு ஒன்றரை வருஷமா சொல்லிட்டு இருக்கான். யாரும் கேக்கறதில்ல, கேட்டா நம்மளுது வெளிய வந்துரும்.

நாய் மேட்டர் ஈஸி. பாட்டி ஊருக்கு அனுப்பிட்டோம்னு சொல்லச் சொல்லுங்க. சாகடிச்சிராதீங்க, சாகடிச்சா எல்லாரும் ஸ்டேட்டஸ் வைப்பானுங்க, ஃபோட்டோ கேப்பானுங்க.


ஓவர்லாக்:

ஏனுங்க கண்ணு, இதுக்குப் போய் கடன் வாங்கறதா? உங்கப்பா பேட்லாக் டைலருங்கறீங்க, டி-ஷர்ட் அடிக்கறதுக்கு அப்புறம் யாரு வேணுங்? நான் இங்க சின்னதா ஜாப் ஒர்க் யூனிட் வச்சிருக்கறனுங்க, பத்து மிசின். கணக்கு சொல்றேன் கேட்டுக்குங்க.

பதிமூணு வயசுப் பசங்களுக்கு ரவுண்ட் நெக், அரைக்கை, 180 ஜிஎஸ்எம் (துணியோட கனத்துக்கு அளவு) துணின்னா கிலோவுக்குக் கிட்டத்தட்ட அஞ்சு பீஸ் விழும், கட்டிங் வேஸ்ட்டெல்லாம் சேத்துத்தான். ரெண்டு மூணு குண்டுப் பசங்க இருந்தாலும் 34 பீசுக்கு எட்டுக் கிலோ துணி தாராளம். எட்டுக் கிலோவுக்குன்னு தனியா சாயம் போட எந்த டையிங்காரனும் ஒத்துக்க மாட்டானுங்க, அதனால கலரை பசங்க இஷ்டத்துக்கு விடாதீங்க, ரெடியா கெடைக்கற நேவி, ராயல் ப்ளூ, மெரூன் இதுல ஒண்ணை எடுத்துக்கச் சொல்லுங்க. ரோல் மிச்சம் கடைல எடைக்கு வாங்கிக்கலாமுங்க. கட்டிங் பண்ணி, ஓவர்லாக் மிசின்ல துண்டுகளைச் சேத்து அடிச்சு, ஓரத்துக்குப் பேட்லாக் அடிச்சா முடிஞ்சுது, கை தெரிஞ்ச ரெண்டு ஆளுக்கு ஒரு நாள் வேலை கூட முழுசா இல்லீங்க.

தைக்கவே வேண்டாமுன்னா இன்னும் சுலபம். காதர்பேட்டைல போய் பிளெயின் டி-ஷர்ட் ஒரே கலர்ல எடுத்து பிரின்ட் மட்டும் போட்டுக்கலாம். ஆனா பசங்க முதுகுல பேரும் நம்பரும் கேப்பானுங்க, அதை ஸ்கிரீன் பிரின்ட்ல போட முடியாதுங்க, ஒவ்வொரு பேருக்கும் ஒரு ஸ்கிரீனா போடறது? நெஞ்சுல வர்ற கிளாஸ் லோகோவுக்கு ஸ்கிரீன், முதுகுல பேருக்கு டிடிஎஃப் (ஃபிலிம்ல பிரின்ட் பண்ணினது) ஸ்டிக்கர் வாங்கி சூடு குடுத்து ஒட்டற ஹீட் பிரஸ் பண்ணிரலாம்.

மிசின் வேணுமுன்னா ஞாயித்துக்கெழமை என்ர யூனிட் சும்மாதான் கெடக்குது, உங்கப்பாவை வரச் சொல்லுங்க, கரன்ட் காசு கூட வேண்டாம். இந்த வரிப் பிரச்சினை வந்ததுல இருந்து ஞாயித்துக்கெழமை என்னங்க, புதன்கெழமையே பாதி மிசின் சும்மா கெடக்குது. ஒண்ணே ஒண்ணு, பீசுக்கு இவ்வளவுன்னு காசு வாங்கிட்டுத்தான் அடிக்கோணும். ஓசில குடுத்தா முதலாளிங்கறது உறுதியாயிரும் பாருங்க. காசு வாங்கினா அது வேலை. டைலரும் வாங்குவான், முதலாளியும் வாங்குவான். அந்தம்மா போன் பண்ணா 'அப்பா தச்சுக் குடுக்கறேன்னு சொல்றாருங்க, ரேட் இவ்வளவு'ன்னு சொல்லுங்க, அதுல ஒரு சொல்லு பொய் இருக்குதா?

இன்னொண்ணு, திருப்பூர்ல இன்னிக்குக் கார்ல போற முதலாளிக பாதிப்பேரு டேபிள்ல உக்காந்து காஜா எடுத்து வந்தவங்கதானுங்க. அந்தம்மாவோட மாமனாரைப் போய்க் கேட்டாத் தெரியும்.


சாக்பீஸ்_துண்டு:

நான் தனியார் பள்ளில ரொம்ப வருஷமா பாடம் எடுக்கறேன் (திருப்பூர் இல்ல). டி-ஷர்ட்டுக்கு ஓவர்லாக் அண்ணன் சொன்னதுக்கு மேல சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா நீங்க எழுதினதுல எனக்குப் பகீர்னு இருந்தது டி-ஷர்ட் இல்லம்மா. தம்பி எட்டாவதுன்னு எழுதியிருக்கீங்களே, அது.

ஆர்டிஇ சட்டம் 2009, பிரிவு 12(1)(சி) படி கிடைக்கற அந்த 25 சதவீத இடம் எட்டாவது முடியற வரைக்கும்தான். ஒன்பதாவதுல இருந்து அந்தப் பள்ளியிலயே தொடர்ந்தா மத்தவங்க மாதிரி நீங்களும் ஃபீஸ் கட்டணும், அரசாங்கம் கட்டாது. இதை எல்கேஜில சீட்டு வாங்கின நிறைய பெத்தவங்க மறந்தே போயிடறாங்க, ஜூன்ல ஆபீஸ்ல சீட்டை நீட்டும்போதுதான் தெரியுது. உங்க தம்பி விஷயத்துல இன்னும் கொடுமை என்னன்னா, எந்த லிஸ்ட்ல பேரு வராததால அவனை வசதியானவன்னு நெனச்சாங்களோ அதே லிஸ்ட்ல ஜூலைல அவன் பேரை வாசிப்பாங்க. நீங்க டி-ஷர்ட்டை எப்படிச் சமாளிச்சாலும் அது நடக்கும். இப்பவே வீட்ல பேசி வைங்க.

அப்படி பேரை வாசிக்கறதே தப்பு, அதையும் சொல்லிடறேன். அதே சட்டத்துல 17வது பிரிவு பிள்ளைங்களை அடிக்கறதை மட்டும் இல்ல, மனசளவுல துன்புறுத்தறதையும் தடை பண்ணுது. பாக்கி இருந்தா பெத்தவங்களைக் கூப்பிட்டுப் பேசணும், பிள்ளையை எழுப்பி நிறுத்தக் கூடாது. ஸ்கூல் கேக்கலன்னா பள்ளிக்கல்வித் துறை ஹெல்ப்லைன் 14417 இருக்கு, கூப்பிட்டுச் சொல்லலாம்.

அடுத்தது, ஒன்பதாவதுக்கு என்ன பண்றதா இருக்கீங்க? கடன் வாங்கியாவது பத்தாவது வரைக்கும் இங்கயே ஓட்டிடலாம்னு நெனைச்சிருந்தா ஒரு நிமிஷம் நில்லுங்க. அரசுப் பள்ளி மாணவங்களுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு இருக்கில்ல, 2020ல மருத்துவத்துக்கு வந்துச்சு, 2021ல இன்ஜினியரிங், விவசாயம், கால்நடை, சட்டம் எல்லாத்துக்கும் வந்துச்சு. அது ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளில படிச்சவங்களுக்குத்தான்னு எல்லாரும் நெனைக்கறாங்க. எட்டாவது வரைக்கும் தனியார்ல ஆர்டிஇ சீட்ல படிச்சுட்டு ஒன்பதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளில படிச்சா அவங்களுக்கும் உண்டு. ஆனா ஒன்பதாவதை இங்க படிச்சுட்டு பத்தாவதுல மாறினா போச்சு. கடன் வாங்கி ஒரு வருஷம் கட்டினீங்கன்னா காசும் போய் அந்த உரிமையும் போகும். நல்லா படிக்கிற பையன்னு வேற சொல்றீங்க.

இங்கிலீஷ் மீடியம் பல அரசு மேல்நிலைப் பள்ளிகள்லயும் இருக்கு. புத்தகம் இலவசம், பதினொண்ணாவதுல சைக்கிள் குடுப்பாங்க, பஸ் பாஸ் உண்டு. எல்லா அரசுப் பள்ளியும் ஒரே தரம்னு நான் பொய் சொல்ல மாட்டேன், அதனால மார்ச்லயே ரெண்டு மூணு ஸ்கூலுக்கு நேர்ல போய் ஒன்பதாம் கிளாஸ் கணக்கு, அறிவியல் வாத்தியார் போஸ்டிங் இருக்கான்னு கேட்டுப் பாருங்க. தம்பியையும் கூட்டிட்டுப் போங்க.

அவனோட கிளாஸ் மிஸ்கிட்ட தனியா ஒரு வார்த்தை சொல்லிடுங்க. எங்களுக்குத் தெரியாதுன்னு பசங்க நெனச்சுக்குவாங்க, எங்களுக்குப் பெரும்பாலும் தெரியும். மீட்டிங்குக்கு ஒவ்வொரு தடவையும் ஐடி கார்டு மாட்டின அக்காவே வந்தா என்ன அர்த்தம்னு எந்த டீச்சருக்கும் புரியும். நீங்க வாய்விட்டுச் சொன்னாத்தான் நாங்க ஏதாவது பண்ண முடியும், இல்லன்னா நாங்களும் தெரியாத மாதிரியே இருந்துட்டுப் போயிடுவோம்.


நேர்கோடு77:

சரிங்க, நாலு சாத்து வேண்டாம். ஆனா ஐடி கார்டு மாட்டிட்டு வான்னு அக்காவையே வேஷம் போட வச்சிருக்கானே, அதைக் கண்டிக்கணுமா வேண்டாமா?


மொட்டைமாடி:

அவங்க ஐடி கார்டு அவங்க கம்பெனி குடுத்ததுங்க, நிஜ வேலைக்குப் போய் வாங்கினது. அதுல என்ன வேஷம்?


பிசிறு_அக்கா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சாக்பீஸ் டீச்சர், ஒன்பதாவதுலயே மாறினாத்தான் 7.5 சதவீதம் கெடைக்கும்னு நீங்க சொன்னது எங்களுக்கு யாருமே சொன்னதில்ல. அம்மா மாசச் சீட்டு கட்டின பணத்தை எடுத்து ஒன்பதாவதுக்குக் கட்டிரலாம்னுதான் நெனச்சுட்டு இருந்தாங்க. அதை அப்படியே நிறுத்தியாச்சு. மாமா பையன் படிச்ச அரசு ஸ்கூல் ஒண்ணு இருக்கு, மார்ச்ல போய்ப் பாக்கறோம். தம்பி அதுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கான், அது வேற கதை.

அப்பாகிட்ட ஞாயித்துக்கெழமை காலைல சொல்லிட்டேன். மொட்டைமாடி சொன்ன மாதிரியே அவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. முழுசா இல்ல, பாதி. பையன் எந்த ஸ்டாப்ல எறங்கறான்னு அவருக்குத் தெரியும், பஸ்ஸுக்குப் பின்னாடியே எக்ஸெல்ல வந்திருக்காரு ஒரு நாள். நான் டி-ஷர்ட் கதையைச் சொல்லி முடிக்கற வரைக்கும் கம்முன்னு பல்லு விளக்கிட்டு இருந்தாரு. வாயைக் கொப்பளிச்சுட்டு கேட்ட மொதக் கேள்வி, "எத்தனை பீஸு? காலரா, ரவுண்ட் நெக்கா?"

அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, முதலாளின்னு நெனச்சா நெனச்சுட்டுப் போகட்டும் விடு, ஆனா நாயி எதுக்குடான்னாரு தம்பியைப் பாத்து. அவன் போர்வைக்குள்ள போய்ட்டான். அம்மாதான் ரொம்ப நேரம் சிரிக்கவே இல்ல. பஞ்சு ஒட்டறதைப் பத்திக் கேட்டதுல இருந்து மூட்டையை வாசல்ல போட்டு உக்காந்து வெட்டறாங்க, வெயில்ல உக்காராதீங்கன்னா கேக்க மாட்டேங்கறாங்க. இது எனக்குப் பிடிக்கல, என்ன சொல்றதுன்னும் தெரியல.

தம்பி ஒருத்தன்கிட்ட சொல்லிட்டான். நான் சொல்லச் சொல்லல, யாருகிட்ட சொல்லலாம்னு நெனைக்கறன்னு மட்டும்தான் கேட்டேன். அந்த போன் பண்ண அம்மாவோட பையன்கிட்டயேதான் சொல்லியிருக்கான், அது எனக்குக் கொஞ்சம் பக்குன்னுச்சு. எங்கப்பா ஓனர் இல்லடா, டைலர், அவரே தச்சுத் தர்றாருன்னு சொன்னானாம். அதுக்கு அந்தப் பையன், "அப்ப ராக்கி?"ன்னு கேட்டிருக்கான். அதுவும் இல்லடான்னதுக்குத்தான் ரெண்டு நாள் பேசாம இருந்திருக்கான், டைலருக்கு இல்ல. இப்ப பேசறான். மத்த பசங்களுக்கு இன்னும் தெரியாது, தெரியணும்னும் நான் நெனைக்கல.

அந்தப் பையனோட அம்மா திரும்ப கூப்பிட்டாங்க. அப்பா தச்சுக் குடுக்கறேன்னு சொல்றாருங்க, ரேட் இவ்வளவுன்னு ஓவர்லாக் அண்ணன் சொன்ன மாதிரியே சொன்னேன். ஒரு செகண்டு அமைதி. அப்புறம், "பீஸுக்கு பத்து ரூபா கொறைச்சுக்கக் கூடாதா"ன்னு கேட்டாங்க. குரூப்ல இருக்கறவங்க எல்லாரும் கார் வச்சிருக்காங்க, பத்து ரூபாய்க்கு நான் அரை மணி நேரம் பேசினேன். அஞ்சு கொறைச்சேன்.

அண்ணா, இந்த ஞாயித்துக்கெழமை அப்பா வரட்டுமா? மிஸ்கிட்டயும் பேசிட்டேன், சைஸ் லிஸ்ட் அவங்களே எழுதி வாங்கித் தர்றேன்னாங்க.


சாக்பீஸ்_துண்டு:

நல்லதும்மா. ஒன்பதாவதுக்கு மாத்தும்போது டிசி வாங்கறப்ப, ஆர்டிஇ 25 சதவீதத்துல படிச்சான்னு ஸ்கூல்ல ஒரு சான்று எழுதி வாங்கி பத்திரமா வைங்க. நாலு வருஷம் கழிச்சு கவுன்சிலிங்ல அதைக் கேப்பாங்க. அப்ப போய் அலைஞ்சா ஆபீஸ்ல ஆளே மாறியிருப்பாங்க.

அம்மாவை நெழல்ல உக்காரச் சொல்லுங்க. தம்பியையே சொல்லச் சொல்லுங்க, நீங்க சொன்னா கேக்க மாட்டாங்க.


பதினொண்ணு_பி:

ராக்கி பாட்டி ஊர்ல இருக்குன்னு நான் சொன்னது வேஸ்டா போச்சு. பரவால்ல.


ஓவர்லாக்:

தாராளமா வரச் சொல்லுங்க கண்ணு, காலைல எட்டு மணிக்கே தொறந்து வச்சர்றேன். நூல் கலர் மேட்ச் பண்ணி எடுத்துட்டு வரச் சொல்லுங்க, என்ரகிட்ட வெள்ளையும் கருப்பும்தான் இருக்குது. அட்வான்ஸ் பாதி வாங்கிட்டுத் துணி எடுங்க, முழுசா கை காசு போட்டுறாதீங்க. சைஸ் லிஸ்ட்ல மீடியம், லார்ஜ்னு எழுதி வாங்காதீங்க, பசங்க சும்மா அடிச்சு விடுவானுங்க, இப்பப் போடற டி-ஷர்ட்டை அளந்து நெஞ்சு இத்தனை இஞ்ச், ஒசரம் இத்தனை இஞ்ச்சுன்னு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க மிஸ்ஸை. பேரு ஸ்பெல்லிங்கும் அவனவன் கையெழுத்துலயே இருக்கட்டும், ஸ்டிக்கர் அடிச்சப்புறம் ஒரு எழுத்து தப்புன்னா அந்த பீசு தெண்டமுங்க. ரெண்டு பீஸ் சேத்தே வெட்டுங்க, 36 போடுங்க.